பாட்டுக்குள் ஒரு பெயர்

“அந்தப் பேர் காதுல விழற வரைக்கும் யாரும் மீன்ல கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

பிலோண்டா சட்டியை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேவாலயத்துக்கு உடுத்திப் போன புதுத் துணியைக்கூட இன்னும் மாற்றவில்லை.

அவள் கணவர் லுகோகிக்குப் பசியே இல்லை.

எல்லாம் ஒரு பழைய பாட்டால் வந்த வினை. காங்கோவின் கின்ஷாசா நகரில் பாட்டு சூடுபிடித்து ஆட்டம் தொடங்கும் இடத்தில் பாடகன் யார் யார் பெயரையோ கூவுவான். காசு கொடுத்தால் நாம் சொல்லும் பெயரையும் கூவுவான். அதைக் கல் எறிவது என்பார்கள். லுகோகி பிலோண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்த காலத்தில், பேட்டையில் இருந்த ஒரு குழு கேசட் போடத் தயாராகிக்கொண்டிருந்தது. “உன் பேர்ல ஒரு கல் எறிஞ்சிருக்கேன்” என்று அவள் தோழிகள் முன்னால் அடித்துவிட்டார். அன்று கையில் பஸ்ஸுக்கே காசில்லை. பொய்க்கு என்ன, டிக்கெட்டா வாங்க வேண்டும்?

கேசட்டின் இரைச்சல் அவர் மானத்தைக் காப்பாற்றியது. பெயர் கூவும் இடம் வந்தால் கிடாரும் முரசும் சேர்ந்து கூழாகக் குழம்பிவிடும். “இதோ, இப்ப சொன்னான் பாரு” என்பார். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். கல்யாணம், மூத்த பிள்ளை குளோடி தொடங்கி நான்கு பிள்ளைகள், இப்போது பேரன் பேத்திகள் என்று மொத்தக் குடும்பமும் அந்த ஒரு கல்லின் மேல்தான் நிற்கிறது என்பது லுகோகியின் நம்பிக்கை.

அதை ஆட்டிப் பார்க்க வந்து சேர்ந்தான் மச்சினன் ஃபிஸ்டன். தேவாலயத்தில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்புதான். குழுத் தலைவரின் மகனைத் தேடிப் பிடித்து, மூல நாடாவிலிருந்து எடுத்த நல்ல பிரதியை வாங்கி வந்து அக்காவின் லேப்டாப்பில் ஏற்றியிருந்தான்.

“ஹெட்ஃபோன் மாட்டுற ஓட்டையிலேர்ந்து வயர் இழுத்தா சொரசொரன்னுதான் வரும். நடுவுல இந்தச் சின்னப் பெட்டியைப் போட்டாச்சு. இப்ப கேளுங்க.”

கேட்டார்கள். சொரசொரப்பு போயிருந்தது. லுகோகிக்கு வியர்த்தது.

“ஸ்பீக்கரை ஏன் அத்தான் மூலையில அடைச்சு வச்சிருக்கீங்க? சுவத்துல மோதிக் கொழகொழன்னு வருது.” ஃபிஸ்டன் இரண்டையும் முன்னால் நகர்த்தினான். “பேஸை யாரு இவ்வளவு ஏத்தினது?”

“பாட்டுன்னா நெஞ்சு அதிர வேண்டாமா?”

“நெஞ்சு மட்டும்தான் அதிருது. பாடறவன் கிணத்துக்குள்ள கிடக்கான்.”

பேஸ் இறங்கியது. பாடகன் கிணற்றிலிருந்து பாதி ஏறி வந்தான்.

“இன்னும் ஒரு உறுமல் கேக்குதே” என்றாள் பிலோண்டா.

“ஆமாக்கா. எங்கேர்ந்து வருதுன்னுதான் பிடிபடல.”

லுகோகிக்கு உயிர் வந்தது. “போதும் மச்சான். இதுக்கு மேல நோண்டினா உள்ளதும் போயிடும். மீன் ஆறிப் போகுது.”

“மீன் ஒண்ணும் ஆத்துக்குத் திரும்பிப் போகாது, குளோடி அப்பா” என்றாள் பிலோண்டா. “கல் எறிஞ்சவருக்கு என்ன பயம்? உக்காருங்க.”

உட்கார்ந்தார். நேரங்காலம் இல்லாமல் போகும் கரண்ட் அன்றைக்குப் பார்த்து போகவே இல்லை. லேப்டாப்பின் பேட்டரி பழசு என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சார்ஜர் இல்லாவிட்டால் அது உயிரை விட்டுவிடும். சோம்பல் முறிப்பதுபோல மேசைக்கடியில் காலை நீட்டி, சார்ஜர் வயரை விரலிடுக்கில் பிடித்து இழுத்தார். பிளக் கழன்றது.

லேப்டாப் சாகவில்லை. உறுமல்தான் செத்தது. கழுவித் துடைத்த கண்ணாடிபோலப் பாட்டு பளிச்சென்று வந்தது.

“அட, சார்ஜர் வழியாத்தான் வந்திருக்கு. நான் இவ்வளவு நேரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன், அத்தான் காலாலேயே கண்டுபிடிச்சுட்டார்” என்று ஃபிஸ்டன் அவர் முதுகில் தட்டினான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மனிதர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

பாட்டு வேகமெடுத்தது. ஒவ்வொரு கிடாரும் தனித்தனியாகக் கேட்டது. பெயர்கள் வர ஆரம்பித்தன. யாரோ ஒரு வியாபாரி, யாரோ ஒரு கால்பந்து வீரன், ஒவ்வொருவர் பெயரும் சுத்தமாக விழுந்தது. இனி மறைக்க வழியில்லை. நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று அவர் மனைவியின் கையைப் பிடித்தார்.

“குளோடி அம்மா, அந்தக் காலத்துல என்கிட்ட...”

“பேசாம இருங்க. வருது.”

பாடகன் பக்கத்தில் நின்று சொல்வதுபோலக் கூவினான்.

“லுகோகீ... பிலோண்டாவோட லுகோகீ...”

ஃபிஸ்டன் குழம்பிப்போய்ப் பாட்டை நிறுத்தினான். “அக்கா, இது அத்தான் பேராச்சே. அவர் உன் பேரைத்தானே போட்டதா சொல்லுவார்?”

லுகோகி ஸ்பீக்கரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிலோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“பஸ்ஸுக்கே காசில்லாத நீங்க என் தோழிங்க முன்னாடி அடிச்சுவிட்டது பொய்யின்னு அப்பவே தெரியும். பாட்டே உங்களுக்குப் பதில் சொல்லட்டும்னு இருந்தேன், அந்தப் பாழாப்போன கேசட் முப்பது வருஷமா சொல்லல. நீங்க வந்து பெருமை பேசினதுக்கு முந்தின நாளே நான் அந்தப் பாடகன் வீட்டுக்குப் போய், என் தையல் காசைக் கொடுத்து, உங்க பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்.”