பால்கனியில் கல்யாண ஆம்ப்ளிஃபயர்

ஷுப்ரா பேட்டையின் மாலை வெயில் ஜன்னல் சட்டங்கள் வழியே ஷௌகியின் கம்பளத்தில் கோடுகளாக விழுகிறது. தெருக்கல்யாணங்களில் முழங்கிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை மலிவாக வாங்கி வந்திருக்கிறார். இசைத்தட்டில் ஊத் வாத்தியக்காரரின் விரல் தந்தியில் வழுக்குவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இசை மெலியும்போதெல்லாம் பெட்டிக்குள் சூடு தணிக்கும் காற்றாடியின் இரைச்சல் மேலெழுகிறது. "இது வீடா, மாவு மில்லா? திருப்பிக் கொடுத்துட்டு வாங்க," என்கிறாள் மனைவி இன்சாஃப். ஷௌகி அதைத் தூக்கிப்போய், பால்கனியில் காயும் துணிகளுக்கடியில் வைக்கிறார். ஒயர் மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே ஸ்பீக்கருக்கு வருகிறது. இப்போது வாத்தியக்காரர் மூச்சு இழுப்பது கேட்கிறது. இன்சாஃபின் கை தேநீர் டம்ளர்மேல் அப்படியே நிற்கிறது. தெருவே அறிந்த அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டதும் எதிர் பால்கனியிலிருந்து உம்மு ஹானி குலவையிடுகிறாள். "அடியே இன்சாஃப், யாருக்குக் கல்யாணம்? சொல்லவே இல்லயே!" இன்சாஃப் வெளியே எட்டிப் பார்க்கிறாள். "எனக்கும் இவருக்கும்தான். கத்தாதடி, கேட்டுக்கிட்டிருக்கோம்."