வலது காது

அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: சம்பந்தி பரமார்த்தலிங்கம், அவர் மனைவி பூரணம், என் மகள் செண்பகவல்லி, மருமகன் சங்கரலிங்கம், காது குத்த வந்த கோமதிநாயகம் ஆசாரி, பேத்தி ஆதிரை, நான்.

பிறகு, அவன்.

பூசாரி தீபம் காட்டிவிட்டுப் போய்விட்டார். வெளியாள் ஒருவரும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவன் சட்டையின் மேல் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றான்.

பங்குனி வெயில். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டிலும் பொத்தான் போட்டிருந்தான்.

போடச் சொன்னது நான்.

அது சம்பந்தி வீட்டாரின் குலதெய்வக் கோயில். ஆண்கள் சட்டையோடு உள்ளே நிற்கக் கூடாதாம். வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆசாரிகூடக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அவன் மட்டும் நின்றான்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். செண்பகத்துக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

"என்ன மாப்ளே, புதுப்பொண்ணு மாதிரி நிக்கேரு? கழத்தும்" என்றார் சம்பந்தி.

பூரணம் சிரித்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அவனுக்கு ராத்திரியிலேருந்து காச்சல். சட்டை கெடக்கட்டும்."

"காச்சக்காரன் மடியிலயா புள்ளைய வைக்கச் சொல்லுதீரு?"

அதை நான் யோசிக்கவில்லை.

"அப்ப நீரே உக்காரும் சம்பந்தி. தாத்தா மடின்னா சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது" என்றார் அவரே.

நல்ல வழி. யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பீடிகூடப் பிடித்ததில்லை. அவன் மறுவாழ்வு மையத்தில் இருந்த காலம் முழுவதும், ஓசூரில் வேலை என்று சொல்லிவைத்தேன். ஐப்பசியில் வீட்டுக்கு வந்தான். மாலையில் அவன் போய்வரும் கூட்டத்தைக் கம்ப்யூட்டர் வகுப்பு என்றேன். இத்தனையும் கட்டிக் காத்துவிட்டு, ஒரு சட்டையிலா விடுவது?

துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பாயில் உட்காரக் குனிந்தேன்.

செண்பகம் அவனைப் பார்த்தாள். பிள்ளை பிறந்தபோது அவன் மையத்தில், பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தான்.

அவன் பொத்தானைக் கழற்றினான்.

ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.

பிறகு மணிக்கட்டு.

வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை.

இடது முழங்கையின் உள்புறம். நரம்பின் வழியே கறுத்த புள்ளிகள். நடுவில் ஓரிடம் குழிந்து, தோல் வேறு நிறமாக இருந்தது.

பூரணத்தின் சிரிப்பு நின்றது.

"இது என்னது மாப்ளே?"

"டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தி..." என்று தொடங்கினேன்.

"போதை ஊசி, மாமா" என்றான் அவன். "மாத்திரையக் கரைச்சுப் போட்டது."

சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

மருமகன் பிள்ளையைத் தன் தோளுக்கு ஏற்றிக்கொண்டார்.

"இப்பம்?" என்றார் சம்பந்தி.

"இன்னைக்குப் போடல."

ஐப்பசிக்கு முன்பிருந்தே இல்லை என்று சொல்லியிருக்கலாம். இனி சாகும்வரை இல்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கலாம். அந்தப் பிடிவாதக்காரன் செய்யவில்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார்.

"ஓசூர்ல வேலைன்னீரே."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், பிள்ளையையும் மகளையும் அழைத்துக்கொண்டு நடந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் நின்றேன்.

ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்துத் தட்டில் வைத்தார். வெயில் பட்டு மின்னியது.

அவன் ஊசியைப் பார்த்தான்.

நாங்கள் அவனைப் பார்த்தோம்.

பிறகு நான் உட்கார இருந்த பாயில் அவன் உட்கார்ந்தான். சம்மணமிட்டு, கைகள் இரண்டையும் விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். மறைக்கவில்லை.



செண்பகம் கணவன் தோளிலிருந்து பிள்ளையை எடுக்கப் போனாள். அவர் விடவில்லை. அவள் இன்னொரு முறை இழுத்தாள். விட்டார்.

கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தாள்.

"கெட்டியாப் பிடிண்ணே. தலையை வெட்டி வெட்டித் திருப்புவா."

அவன் பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "சும்மா நிக்காம காலப் பிடியும் சம்பந்தி."

குனிந்து பிடித்தேன். அவன் முழங்கை என் முகத்துக்கு நேரே இருந்தது. இவ்வளவு பக்கத்தில் அதை நான் பார்த்ததில்லை. பார்க்க மறுத்திருந்தேன்.

இடது காது முடிந்தது. பிள்ளைக்கு அழுகை வரத்தான் நேரமானது.

வலது காதில் ஊசி ஏறும்போது அவள் துள்ளினாள். ஒரு சொட்டு இரத்தம். துளை நெல்லளவு மேலே போய்விட்டது.

ஆசாரி, போகப்போகத் தெரியாது என்றார். தெரிகிறது.

இப்போது சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு. ஊசியைக் கண்டதும் தாய்மாமன் கை நடுங்கிவிட்டது, அதனால்தான் பிள்ளையின் காது இப்படி ஆனது என்று.

தவறு.

தலையைப் பிடித்திருந்த கை கொஞ்சமும் அசையவில்லை. பிள்ளை உதைத்துத் துள்ளியது, கால் பிடி தளர்ந்ததால்.

காலைப் பிடித்திருந்தவன் நான்.