நேரலை

ஆர்க்கெஸ்ட்ராவின் ஆன்லைன் சீசனில் அன்று ஐந்தாவது கச்சேரி. காலிங் பெல் அடித்தது. லேப்டாப்பில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த கணவனை அப்படியே விட்டுவிட்டு, போய்க் கதவைத் திறந்தாள் மனைவி. வாசலிலும் அவனே நின்றான்.

“என்னங்க இது! உங்களைத்தானே நேரலையில பாத்துட்டிருக்கேன்?”

“கச்சேரி கேன்சல். ஹால்ல கரண்ட் இல்ல” என்றபடி உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தான். “பழைய ரெக்கார்டிங்கைத் தூக்கிப் போட்டுட்டாங்க போல.”

“நேரலைன்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கே?”

“அப்படிப் போட்டாத்தான் டிக்கெட் விக்கும். எங்க மேனேஜரைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். ஆமா, வயலின் எங்க?”

“அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்.”

மீதிக் கச்சேரியை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கைதட்டல் எழுந்தது. திரையில் இருந்தவன் எழுந்து வணங்கினான். கேமராவை நேராகப் பார்த்து, இடது காதை இரண்டு முறை தொட்டான்.

பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நான் காதைச் சொறியறதைக்கூட விடாம எடுத்திருக்கான் பாரு!”

அவள் சிரிக்கவில்லை. ‘முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்பறேன்’ என்று அவளுக்கு மட்டும் சொல்கிற சைகை அது. சீசன் தொடங்கிய நாளில் அவள் கணவனே சொல்லிவைத்தது. ஒரு கச்சேரியிலும் அவன் அதை மறந்ததில்லை.

“ஏன் என்னையே பாக்கற?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய், வாசல் கதவைத் தாழிட்டான் அவன்.