ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி

"யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்க?" என்று கேட்டார் வேன் டிரைவர் ஆம்ப்ரோஸ்.

வெர்டெல் அம்மாள் ஊன்றுகோலுடன் சாலையோரம் நின்றிருந்தார்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் அன்று, ஜனாதிபதி தேர்தலில் கட்சி யாரை நிறுத்துவது என்பதற்கான ஓட்டுப்பதிவு. ஒரே கட்சிக்குள் கவர்னருக்கும் செனட்டருக்கும் கடும் போட்டி. எப்போதும் பக்கத்து சர்ச்சில் இருக்கும் வாக்குச்சாவடியை இந்த முறை ஆறு மைல் தள்ளி மாற்றிவிட்டார்கள். பஸ் கிடையாது. நடக்க முடியாதவர்கள் யாராக இருந்தாலும் அழைத்துப் போகிறோம் என்று கவர்னரின் ஆட்கள் ரேடியோவில் சொன்னதைக் கேட்டுத்தான் போன் செய்திருந்தார்.

பொய் சொல்ல வரவில்லை. "செனட்டருக்கு."

"அப்ப ஏத்த முடியாதும்மா. எங்களுக்கு உத்தரவு அப்படி."

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்களே?"

"நம்மாளுங்க யாரா இருந்தாலும்னு அர்த்தம்."

வெர்டெல் ஊன்றுகோலைத் தரையில் குத்தினார்.

"கறுப்பர்களுக்கும் இந்த ஓட்டு வேணும்னு கேட்டு எங்கப்பா போலீஸ்கிட்ட அடி வாங்கினார். அன்னிக்கு அதட்டி முடியாதுன்னாங்க. நீங்க அம்மான்னு கூப்பிட்டு முடியாதுங்கறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆம்ப்ரோஸ் கதவைச் சாத்தினார். பாதி சீட் காலியாகவே வேன் போய்விட்டது.

வெர்டெல் வீட்டுக்குத் திரும்பி, கொதிப்போடு செனட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் தேனாகப் பேசினாள். உங்கள் வட்டாரத்தில் நாம் எப்படியும் ஜெயித்துவிடுவோம், அதனால் வண்டிகளையெல்லாம் இழுபறியான இடங்களுக்கு அனுப்பிவிட்டோம் என்றாள். ஆதரவுக்கு நன்றி என்று வேறு சொன்னாள்.

போனை வைத்த வேகத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வெர்டெல் நடக்க ஆரம்பித்தார்.

பெட்ரோல் பங்க் தாண்டுவதற்குள் முட்டி மக்கர் பண்ணியது. ஒரு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம்.

பழைய பிக்கப் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஆம்ப்ரோஸ்! வேனில் வந்தபோது கழுத்தில் தொங்கிய கவர்னர் பட அட்டையைக் காணோம். மடியில் பாதி தின்ற சாண்ட்விச். சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறார்.

"ஏறுங்கம்மா."

வெர்டெல் அசையவில்லை. "உங்க கவர்னருக்கு நான் போட மாட்டேன்."

ஆம்ப்ரோஸ் எட்டி, கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

"அது அவர் வண்டி. இது என் வண்டி."