எதிர்ச்சாரி டீக்கடை

டீ ஆடை கட்டிவிட்டது. அவர் இன்னும் வாயில் வைக்கவில்லை.

எதிர்ச்சாரியில் வங்கி. வரிசை வாசலில் தொடங்கி வளைந்து மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது. வங்கி முங்கப் போகிறதென்று காலையில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு.

அவருக்கும் போய் நிற்க ஆசைதான்.

நிற்க முடியாது.

அவர் மிளகாய் மண்டிக்காரர். மிளகாய் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரிகள் சரக்கு விற்ற பணத்தை அவரிடமே விட்டுவைப்பார்கள். கல்யாணம், கிணறு என்று வரும்போது வாங்கிக்கொள்வார்கள். அதைத்தான் அவர் எதிர்ச்சாரி வங்கியில் போட்டிருந்தார். அண்ணாச்சியே வரிசையில் நிற்கிறார் என்றால் இன்னொரு வரிசை கிளம்பும். அவர் மண்டி வாசலில்.

ஆகவே டீ.

பெஞ்சில் நாலைந்து சம்சாரிகள். ஒரு கண் வங்கி மேல், ஒரு கண் அவர் மேல். அண்ணாச்சி அசையாதவரை அவர்களும் அசையமாட்டார்கள்.

டீக்கடை டிவியில் மத்திய வங்கியின் அறிக்கை ஓடியது. வங்கிகளுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கிற வங்கி. கீழே இருப்பது முங்கும்போது கை கொடுக்க வேண்டியது. இப்போதைக்கு வாயைத்தான் கொடுத்திருந்தது.

பொதுமக்கள் பதற வேண்டாம். பணம் பத்திரமாக இருக்கிறது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ வியாபாரத்தில், கேட்குமுன்னே ‘ஈரமில்லாத சரக்கு’ என்று சொன்னவனின் மூடையை அவர் வாங்கியதே இல்லை.

“கேக்காமலே சொல்றான் பாருங்க,” என்றார். “இவனெல்லாம் ஒரு மூடை வித்திருப்பானா?”

பெஞ்சு சிரித்தது.

அறிக்கை முடிவதற்குள் வரிசை இன்னும் கொஞ்சம் நீண்டது.

நீண்ட இடத்தில் ஒரு பச்சைச் சேலை.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

செல்வக்கனி. அவர் மனைவி.

நான் போய் நிற்க முடியாது என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தார். அதை அவள் தன்னிடம் ஒப்படைத்த வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

யாருக்கும் ஆள் தெரியக்கூடாதென்று முக்காடு வேறு.

கையில் மஞ்சள் பை. பையில் சிவப்பெழுத்தில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து படிக்கிற மாதிரி, மண்டியின் பெயர்.

பெஞ்சில் சிரிப்பு நின்றது.

மகள் கல்யாணத்துக்கென்று நாலு வெள்ளாமைப் பணத்தை அவரிடம் விட்டிருந்த இருளப்பன், முதலில் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.



“ஒண்ணும் பதற வேண்டாம் இருளப்பா,” என்றார் அவர். “ஒம் பணம் பத்திரமா இருக்கு.”

இருளப்பன் பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.