ஐந்தாம் விலா இடுக்கு

றவூபின் கை நோயாளி பழனிமுத்துவின் நெஞ்சில் இருந்தது. இதயத்தைத்தான் காணவில்லை.

கட்டிலின் மறுபக்கம் நின்ற வெள்ளைக்காரப் பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டதென்னவோ சின்னக் கேள்விதான். இதயத்தின் நுனி எந்த இடத்தில் துடிக்கிறது, தொட்டுக் காட்டு.

இதற்குப் பதில் தெரியாத வைத்திய மாணவன் கொழும்பில் உண்டா? இடப்பக்கம், ஐந்தாம் விலா இடுக்கு, முலைக்காம்புக்கு அரை அங்குலம் உள்ளே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் றவூப் சொல்வான்.

ஆனால் விரலுக்கடியில் ஒன்றுமில்லை.

ஒரு விலா கீழே இறக்கினான். ஒரு விலா மேலே ஏற்றினான். பழனிமுத்து தெமட்டகொடை ரயில் யார்டில் நிலக்கரி சுமப்பவர். எலும்பும் தோலுமான நெஞ்சு. இதில் துடிப்பு ஒளிந்துகொள்ள இடமேது? என் கைதான் செத்துப்போய்க் கிடக்கிறது என்று றவூபுக்குப் பட்டது. அழுகை வந்தது.

இது மூன்றாவது தடவை.

எழுத்தில் புலி. நோயாளியின் பக்கத்தில் போனால் நடுக்கம். உலக யுத்த காலம், டொக்டர்மாருக்குப் பஞ்சம். அப்படியிருந்தும் இவனை இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாட்டுப் பரீட்சையில் கவிழ்த்துவிட்டார்கள். இம்முறையும் பெயிலென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். மருதானையில் வாப்பாவின் புடவைக்கடையில் அவனுக்கென்று ஒரு முழக்கோல்கூட எடுத்து வைத்தாயிற்று. 'என்ட மகன் டொக்டர்' என்று மாளிகாவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷன், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதைத்தான் றவூபால் தாங்க முடியவில்லை.

சொல்லித் தொலையேன்டா என்றது மனசு. ஐந்தாம் இடுக்கு என்று சொல்லிவிட்டுப் போ.

போன தடவை அப்படித்தான் சொன்னான். வீங்காத மண்ணீரலை வீங்கியிருக்கிறது என்று அடித்துவிட்டு, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"கிடைக்கல்ல, சேர்."

இங்கிலீசில்தான் சொன்னான். இதற்காகவா ஆறு வருஷம் படித்தாய் என்று அவனுக்கே கேட்கத் தோன்றியது.

பரீட்சகர் ஏதோ எழுதினார். முகத்தில் ஒரு மண்ணும் தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

எல்லாம் போனபின் இனி என்ன பயம்? மணியடிக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. றவூப் கைகளை உரசிச் சூடாக்கினான். இந்த மனுஷன் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கிறார், துடிப்பு எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும்? பிஸ்மி சொல்லி, உள்ளங்கையை முழுசாக விரித்து, இட அக்குளில் தொடங்கி அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டு போனான். நடு எலும்பு வந்தது. அதையும் தாண்டினான்.

டப்.

அல்லாஹ்வே!

டப், டப், டப். ஐந்தாம் இடுக்குதான், ஆனால் வலப்பக்கம். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டான். அங்கேயேதான். கண்ணாடியில் தெரிவதுபோல் அந்த மனுஷனின் இதயம் பக்கம் மாறி இருந்தது.

வலப்பக்கம் தொட்டுக் காட்டி, கண்டதைப் பரீட்சகரிடம் சொன்னான். பரீட்சகர் முன்பு எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தார். நல்லதா கெட்டதா, யார் கண்டது?

மணி அடித்தது. பரீட்சகர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கேள்வி நடக்கும்போது வாய் திறக்கக் கூடாதென்று பழனிமுத்துவுக்குக் கட்டளை. இனித் தடையில்லை. எழுந்து உட்கார்ந்து, சட்டைக்குள் ஒரு கையை நுழைத்தபடியே மற்றக் கையால் றவூபைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறந்ததுலேருந்து எனக்குச் சோத்தாங்கைப் பக்கந்தாங்க அய்யா அடிக்குது. காலையிலேருந்து வந்த அஞ்சு பேரும் பீச்சாங்கைப் பக்கம் தொட்டு, இந்தா இருக்கு, இந்தா இருக்குன்னு காட்டிட்டுப் போனாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு!"