பத்து மணித் திருத்தம்

சட்டசபை தினம் இரண்டு தடவை ஊர் எல்லைகளைத் திருத்த ஆரம்பித்த பிறகு, பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் சின்னப்பொண்ணு கைக்கடிகாரத்தில் எல்லையைப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள். அன்று விடிந்தபோது அவள் குடியிருக்கும் தெருவே மாநகராட்சிக்குப் போயிருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாசலை வேறொருத்தி கூட்டினாள்.

விடுவாளா? டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்து, ஊரார் தன்னைச் சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லித் தீர்த்தாள். “அழுத்திக் கூட்டினா கை தேஞ்சா போயிடும்?”

அந்தப் பெண் தெருக்குப்பை முழுவதையும் வேலியோரம் குவித்துவிட்டுக் கிளம்பினாள்.

“ஏம்மா, குவிச்சு வெச்சா ஆச்சா? யாரு அள்ளுறது?”

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பத்து மணித் திருத்தத்துல தெரு திரும்ப உங்க பேரூராட்சிக்கே வருதுக்கா. டீயைக் குடிச்சுட்டு மெதுவா அள்ளுங்க.”